அராவி எடுத்த மூன்று வெட்டுகள்

அன்புள்ள மகனுக்கு,

முதலில் இந்த எழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், மழைக்குப் பிறகு மலையிறங்கும் ஆட்களைப் போல ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சில இடங்களில் தாள் ஓட்டையாகியிருக்கும். அது பூச்சி அரித்ததில்லை, நான் அழுத்தியது. ஐம்பது வருடம் உளி பிடித்த கை பேனையையும் உளி மாதிரித்தான் பிடிக்கிறது. ஆனாலும் இது உன் அப்பாவின் கை. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை, யாரிடமும் சொல்லி எழுதவைக்கவும் இல்லை. எழுபத்தோரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது மகனே. இழைப்புளி என்ற சொல்லை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். அதை முதல் தரம் தாளில் எழுதிய அன்று கொப்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். உன் அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. வெறகு ஈரமா கெடக்கு, கொஞ்சம் ஊதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைமடுவத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தருகிறார்கள். தேயிலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அதே அறைதான். நாங்கள் எட்டுப் பேர், அந்தக் குழந்தைகளின் சின்ன பெஞ்சில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருப்போம். டீச்சர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "ஐயா, பேனையை அப்பிடி இறுக்கிப் பிடிக்காதேங்கோ, அது ஓடாது" என்று வாரா வாரம் சொல்லும். எதற்காக இந்த வயதில் வருகிறேன் என்று கேட்டபோது, கைநாட்டு வைக்க வெட்கமாக இருக்கிறது என்றேன். அது உண்மையில்லை. எனக்கு உன்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. அதை உன் அம்மா பக்கத்தில் நிற்கப் போனில் சொல்ல முடியாது. இன்னொருவர் கையால் எழுதச் சொன்னால் மறுநாள் காலை லயத்து வீடுகள் முழுவதும் அது தெரிந்துவிடும். அதனால் நானே எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆயிற்று.

போன மாதம் நீ அம்மாவோடு போனில் பேசினாய். மருமகள் செல்வி ஏழு மாதம் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாய். பிறகு, "அப்பாகிட்ட சொல்லுங்க, ஹட்டன்ல பழைய இரும்பு எழப்புளி ஒன்னு பாத்து, துரு எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தொட்டில நானே செய்யப் போறேன்" என்றாய். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். நான் காதில் வைப்பதற்குள் உனக்கு வேலை வந்துவிட்டது. நாலு வருடமாக என் கைக்குப் போன் வரும்போதெல்லாம் உனக்கு வேலை வந்துவிடுகிறது. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ என்னிடம் ஒரு இழைப்புளி கேட்டாய், அதுவே எனக்குப் பெரிது. அடுத்த நாளே பஸ் ஏறினேன்.

ஹட்டன் இரும்புக்கடை நானாவை உனக்கு நினைவிருக்கும். என்னைக் கண்டதும் கடைப் பையனிடம், "தராச எடுக்காத, இந்த தச்சு பாஸ் வாங்க வரமாட்டாரு, தடவிப் பாத்துட்டுப் போக வருவாரு" என்றார். மூன்று தரம் போனேன், மூன்று தரமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது எல்லாரும் கரண்ட் மெசினில் இழைப்பதால் பழையவை நிறைய வருகின்றன, ஆனால் முக்கால்வாசி நொண்டி. நாலாம் தரம் போனபோது பழைய தண்ணீர்க் குழாய்களுக்கு அடியில் ஒன்று கிடந்தது. தேயிலைச் சாயத் தண்ணீர் நிறத்தில் துரு, பின்கைப்பிடி பாதி உடைந்திருந்தது. உன் வேலைத்தலத்துப் பிள்ளைகள் அதைக் காலால் தள்ளியிருப்பார்கள். நீ அப்படிச் செய்யாதே. துருவையும் கைப்பிடியையும் பார்த்து இழைப்புளியை ஒதுக்காதே, இரண்டும் பிறகு சரிசெய்யக் கூடியவை. முதலில் வாயைப் பார். சீவல் வெளியே வரும் அந்த வாயின் இரண்டு மூலையிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார். பிறகு தகட்டைக் கழற்றிவிட்டு, உடம்பை விரல் நுனியில் தூக்கி ஆணியால் ஒரு தட்டு தட்டு. நல்ல இரும்பு கோயில் மணி மாதிரி நீளமாகச் சொல்லும். விரிசல் விழுந்தது டொக்கென்று வாயை மூடிக்கொள்ளும். இந்த இழைப்புளி நீளமாகச் சொன்னது. நானாவும் கேட்டார். "சரி, இனி நா வெலய ஏத்தணும்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். திருகாணிகள் அப்போதுதான் அசைந்தன. பிறகு இரண்டு நாள் புளிக்கரைசலில் கிடந்தது. "கொழம்புக்கு இல்லாத புளி இரும்புக்கு" என்று அம்மா இரண்டு நாளும் பேசினாள். துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்தது. அதன் பிறகுதான் வேலை. ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் அரத்தாளை ஒட்டி, இழைப்புளியின் அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிறுக்கி, அதன் மேல் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கோடு முதலில் அழியும். பள்ளத்தில் கோடு அப்படியே நிற்கும். எல்லாக் கோடும் ஒன்றாக அழியும்வரை தேய்க்க வேண்டும். எனக்கு ஆறு நாள் எடுத்தது. அவசரப்பட்டு ஒரு பக்கம் மட்டும் கையை அழுத்தாதே, அடி கோணலாகிவிடும். தகட்டின் முதுகைச் சாணைக்கல்லில் முகம் தெரியும்வரை தேய்த்தேன். கைப்பிடியைக் கொய்யா மரத்தில் புதிதாகச் செய்தேன். சபுக்கு மரப் பலகையில் ஓட்டிப் பார்த்தேன். சீவல் வெங்காயத் தோல் மாதிரி எழும்பியது. அதில் ஒன்றை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், பார்.

இவ்வளவும் எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. இதோடு நிறுத்தி அனுப்பிவிடலாம் என்று ஒரு நாள் முழுவதும் நினைத்தேன். ஆனால் இதற்காக நான் எழுதப் பழகவில்லை.

மகனே, இதைவிட நல்ல இழைப்புளி ஒன்று என்னிடம் இருந்தது. உனக்கு அது தெரியும். உங்கள் முதல் பாப்பா பிறப்பதற்கு முன் நான் ஹட்டனிலிருந்து கொண்டுவந்தது. நீ அதைக் கையில் வாங்கி, "யாருப்பா இத வித்தது, கண்ணு தெரியாத ஆளா" என்று கேட்டாய். ஏன் விற்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. நீ தோட்டத்துத் தச்சன் மகன், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாவு விழுந்தால் தோட்டத்து ஸ்டோரிலிருந்து பலகை வரும், நாம் பெட்டி செய்வோம். பெட்டிக்கு ஓடும் இழைப்புளி பட்டறைக்கு வெளியே கூரை இறப்பில் தொங்கும். அது கட்டிலைத் தொடக் கூடாது, தொட்டிலைத் தொடக் கூடாது, கோயில் பலகையைத் தொடக் கூடாது. புதிதாக வந்த ஆள் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அதன் விளிம்பில் அரத்தால் மூன்று வெட்டு போட்டு வைப்போம். நான் மட்டுமில்லை, இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாத் தச்சரும் அப்படித்தான். ஹட்டனில் நான் அந்த இழைப்புளியைத் துருவோடு தூக்கியபோது என் கட்டைவிரல் அந்த மூன்று வெட்டிலும் விழுந்தது. ஏதோ ஒரு தோட்டத்தின் பெட்டி இழைப்புளி அது. எத்தனை பெட்டிக்கு ஓடியதோ.

கீழே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் தட்டிப் பார்த்தேன். அந்த மாதிரி ஓசை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஆசை மகனே, வேறு ஒன்றுமில்லை. நீ பக்கத்துத் தோட்டத்தில் கதவு வேலைக்குப் போயிருந்த நாளில், பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த விளிம்பு முழுவதையும் மூன்று வெட்டின் ஆழத்துக்கு அராவி இறக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று மறுபக்கத்தையும் இறக்கினேன். நீ வந்து பார்த்தபோது விளிம்பு வழுவழுவென்று இருந்தது.

அதைக் கொண்டுதான் தொட்டில் செய்தேன். அதற்கென்று திட்டம் போட்டு எடுக்கவில்லை. பலாப் பலகையில் நார் முன்னும் பின்னுமாக ஓடும், உனக்குத் தெரியும். என் பழைய மர இழைப்புளி தலைப்பக்கப் பலகையைப் பிய்த்தது. இரண்டு தரம் தீட்டிப் பார்த்தேன், பிய்த்தது. இதை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன், கண்ணாடி. பிறகு கை நிற்கவில்லை, எல்லாப் பலகையையும் அதிலேயே முடித்தேன். கடைசியில் பலகையில் ஒட்டியிருந்த ஒரு மணல் தகட்டின் நுனியில் மயிரளவு குழி விழுத்திவிட்டது. அந்தக் குழி மரத்தில் ஒரு மெல்லிய கோடாக எழும்பி நின்றது. அடுத்த நாள் பெயர் வைப்பு, தகட்டைத் திரும்பத் தீட்ட நேரமில்லை. நீ விரலால் தடவி, "என்னப்பா, கோடு விழுந்திருக்கு" என்றாய். "கண்ணு படாம இருக்கட்டும்டா" என்றேன். எல்லாரும் சிரித்தோம். செல்விதான் அதிகம் சிரித்தது.

பாப்பாவுக்கு நாலாம் மாதம் நடந்தபோது செல்வி அதைத் தூக்கிக்கொண்டு வலப்பனையில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வரும் வழியில் மழை. இரண்டாம் நாள் இருமல், மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. மற்றதை நீ எனக்குச் சொல்ல வேண்டியவன், நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் சரிந்து பாதை மூடிக்கிடந்ததும், நீ சட்டைக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் ஏறி மறுபக்கம் போனதும், அங்கே வண்டிக்கு நின்றதும். நீ திரும்பி வரும்போது பிள்ளையை அதே சட்டைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தாய்.

காலையில் ஸ்டோரிலிருந்து பலகை வந்தது. வேறு ஆளை வைத்துச் செய்யலாம் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். நான்தான் செய்வேன் என்றேன். இறப்பில் தொங்கியதை எடுத்து இழைத்தேன். அது முரட்டு இழைப்புளி. பெரியவர்களின் பெட்டிக்கு அது போதும், மேலே துணி போட்டுவிடுவோம். ஆனால் அந்தச் சின்னப் பலகையில் கையை வைத்தால் சிராய் குத்தியது. அந்த உடம்புக்குக் குத்துமே என்று நினைத்தேன். குத்தாது என்று ஒரு மனிதனுக்குத் தெரியாதா. எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அந்த நல்ல இழைப்புளியை எடுத்துவந்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் இழைத்தேன். தொட்டிலுக்குப் பிறகு அதை நான் தீட்டவில்லை என்பது நினைவிலேயே இல்லை.

நீ வந்து பட்டறை வாசலில் நின்றாய். மூடியின் மேல் கையை வைத்தாய். உன் விரல் அந்தக் கோட்டில் நின்றதைப் பார்த்தேன். முன்னுக்குப் போனது, திரும்பி வந்தது. "அப்பா, தொட்டிலுக்கும் இதத்தான் போட்டீங்களா?" என்று கேட்டாய். நான், "இல்ல தம்பி, அது வேற" என்றேன். நீ மூடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாய். நீயும் தச்சன். ஒரு தகட்டின் குழி இன்னொரு தகட்டில் அதே இடத்தில் விழாது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும். பதினாறாம் நாள் நீ செல்வியைக் கூட்டிக்கொண்டு மொறட்டுவைக்குப் போய்விட்டாய்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஆமாம். இரண்டுக்கும் அதைத்தான் போட்டேன். நீ கேட்காததற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், அது என் கைக்கு வருவதற்கு முன்பே பெட்டி இழைப்புளி. எனக்கு அது தெரியும்.

பிள்ளையைக் கொண்டுபோனது இரும்பில்லை, மழையும் சளியும் மூடிய பாதையும்தான் என்று எனக்கு நானே ஆயிரம் தரம் சொல்லிக்கொண்டேன். அது சரியாகவும் இருக்கலாம். டீச்சரிடம் கேட்டால் அதைத்தான் சொல்லும். ஆனால் பெட்டி இழைப்புளி ஆகாது என்ற நம்பிக்கை இல்லாதவன் அந்த வெட்டுகளை எதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அராவினான்? நம்பிக்கை இல்லையென்றால் அவற்றை அப்படியே விட்டு, உன் கையில் கொடுத்து, "பெட்டி எழப்புளிதான், நமக்கென்ன" என்று சொல்லியிருப்பேனே. நான் நம்பிக்கொண்டே செய்தேன். யாருக்கும் தெரியாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று செய்தேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, அதை இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். பிள்ளை போன பிறகு லயத்தில் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். பச்சைப் பிள்ளையை மழையில் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவள் என்று செல்வியைப் பேசினார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசினார்கள், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பேசினார்கள். உன் அம்மா நம் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு செல்வியின் காதில் விழவே பேசினாள். அந்தப் பெண் உள்ளே சுவரோரம் குந்தியிருந்தது, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதை அது தானே நம்பிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. நான் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். ஊர் ஒரு குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தது, அது என்னைத் தாண்டி அவள் மேல் போய் உட்கார்ந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. வசதி என்ற சொல்லை எழுதிவிட்டு அடித்தேன், பிறகு திரும்ப எழுதினேன். அதுதான் சரியான சொல்.

அந்த இழைப்புளி நாலு வருடம் துணி சுற்றிப் பரணில் கிடந்தது. நீ இழைப்புளி கேட்ட அதே வாரம் அதை இறக்கி, முக்கோண அரத்தால் மூன்று வெட்டையும் திரும்பப் போட்டு, இப்போதைய தச்சுப் பாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது என்ன என்று சொல்லியே கொடுத்தேன். அவர் வாங்கி இறப்பில் மாட்டினார். "இவ்வளவு நல்ல சாமான இதுக்கா தர்றீங்க" என்று கேட்டார். என் பெட்டியையும் இதில்தான் இழைப்பீர்கள் என்றேன்.

நேற்று இந்த இடம்வரை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் நான் திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு அராவுகிறவன்தான். நான் வாசித்து அவள் கேட்பது இதுதான் முதல் தரம். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் விரல் எழுத்தெழுத்தாகப் போவதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தாள், புளியைப் பற்றி எழுதியதற்கு என்னைத் திட்டினாள். மூன்று வெட்டு வந்ததும் சுளகைக் கீழே வைத்தாள். நான் நிறுத்தப் பார்த்தேன். "வாசிங்க" என்றாள். செல்வியைப் பற்றி வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நா அந்தப் புள்ளயப் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"என் வாயப் பொத்தியிருக்கலாமே."

பிறகு சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்று காலை சாயத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை நானுஓயா ஸ்டேசனில் கோச்சி ஏறி உங்களிடம் வரப்போவதாகச் சொன்னாள். நானும் வரட்டுமா என்றேன். "நீங்க வேணாம். நா பேசுன பேச்சுக்கு நாந்தான் போவணும். அவ பேசுனா கேட்டுக்குவேன். பேசலன்னா ரெண்டு நாளு இருந்து, துணி தொவச்சிக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றாள்.

அவள் பையில் இந்தக் கடிதமும் துணியில் சுற்றிய இழைப்புளியும் வரும். விளிம்பைத் தடவிப் பார், நன்றாகவே தடவிப் பார். இரண்டு பக்கமும் இரும்பு வார்த்தபோது இருந்த அதே உயரம், அதில் நான் அரம் வைக்கவில்லை. ஆனாலும் என் கை பட்டதே வேண்டாம் என்று தோன்றினால் திருப்பி அனுப்பாதே, யாருக்காவது கொடுத்துவிடு. மொறட்டுவையிலும் பழைய இரும்புக்கடை இருக்கும். வாயின் மூலையைப் பார், தட்டிக் கேள், உனக்கு வேண்டியது கிடைக்கும்.

வாசித்து முடித்ததும் இந்தத் தாள்களைச் செல்வியிடம் கொடு. ஒரு தாளையும் எடுத்து வைக்காதே. நாலு வருடமாக அந்தப் பெண் தூக்கிக்கொண்டு நடப்பது அவளுடைய சுமையில்லை என்று அவள் தன் கண்ணால் வாசிக்க வேண்டும். அவள் வரச் சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன், அதற்காக நீ அவளிடம் எனக்காகப் பேசாதே.

அடுத்த கிழமை வகுப்பு முடிந்து வந்ததும் திரும்ப எழுத உட்காருவேன். அந்தக் கடிதம் உனக்கில்லை, செல்விக்கு. அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உனக்கு எழுதி ஒப்பேற்றிவிட முடியாது. அவள் பெயரைத் தாள் ஓட்டையாகாமல் எழுத இன்றே பழகத் தொடங்கிவிட்டேன்.

உன் அப்பா